பழைய சைக்கிளும் பொங்கோல் ஆற்றோரமும்



கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் மூன்று வாரமாக என் மேசைமேல் கிடக்கிறது. மூத்த மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. சம்பளப் பணத்தில் ஒரு சைக்கிள் வாங்கப் போகிறேன் என்கிறானாம். "மோட்டார் சைக்கிள் இருக்கிற பிள்ளைக்கு இது எதற்கு, வாத்தியாரையா? அண்ணனைப் பார்த்து இளையவனும் சைக்கிள் கேட்கிறான். இவன் கூட்டாளிகள் பிரேக்கைக் கழற்றிவிட்டுப் பெரிய சடக்கில் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். எனக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இளையவன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கைப்பிடியைத் தாழ்த்தி, பிரேக்கை எடுத்துவிட்டு ஓட்டும் அந்தச் சைக்கிளுக்கு 'பாசிக்கால் லாஜாக்' என்று பெயர். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் விடிவதற்கு முன், ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் அப்படிப்பட்ட சைக்கிள்களில் கூட்டமாக இருந்த சிறுவர்கள்மேல் ஒரு கார் மோதியது. எட்டுப் பிள்ளைகள் இறந்தார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. அந்த எட்டு வீட்டுத் தாய்மாரும் நம்மைப் போன்றவர்கள்தாம், பிள்ளை உள்ளே படுத்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். ஆகவே இளையவனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இன்றைக்கே அவனுடைய கூட்டாளிகளின் சைக்கிளில் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மூத்தவன் விஷயம் வேறு. அவன் வாங்கட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் தோட்டங்களிலிருந்து பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர்! வாரத்தில் ஆறு நாள் உழைக்கிறார்கள். ஏழாம் நாள் எங்கே போவது? தேக்காவுக்குப் போகிறார்கள். தேக்காவை நான் குறை சொல்லவில்லை, அங்கே போனால் நானும் வாழையிலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறேன். ஆனால் மாலை ஆனதும் கையில் பணமும் மனத்தில் தனிமையுமாக நிற்கிற பிள்ளை அடுத்து எங்கே போவான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தத் தேக்காவிலிருந்தே ஒரு வழி இருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயிலில் ஏறினால், எங்கும் மாற வேண்டாம், பத்தாவது நிறுத்தம் பொங்கோல். கட்டணம் ஏறத்தாழ இரண்டு வெள்ளி. 2003இல் இந்த ரயில் ஓடத் தொடங்கியபோது பொங்கோல்தான் கடைசி நிலையம். 2024 டிசம்பரில் இன்னும் ஒரு நிலையம் அப்பால் போய்க் கடற்கரைப் பக்கம் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், தேக்காவில் நாம் நடக்கும் சிராங்கூன் சாலையும் வடகிழக்கே சிராங்கூன் ஆற்றுப் பக்கம் போவதற்கு இருந்த பழைய வழிதான். மாடும் வண்டியும் போன வழியில் இன்று ரயில் பூமிக்கு அடியில் போகிறது.

என் அக்காள் மகன் பொங்கோலில் ஓர் அறையில் தங்கி வேலை பார்க்கிறான். சென்ற பள்ளி விடுமுறையில் அவனைப் பார்க்கப் போனபோது, யாரிடமோ எண்பது வெள்ளிக்கு வாங்கிய பழைய சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் ஒரு வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டான். "பயப்படாதீங்க மாமா, இந்தப் பாதையிலே லோரி வராது" என்றான். தோட்டத்துச் சடக்கில் செம்பனை லோரிக்கு ஒதுங்கி ஒதுங்கிக் காட்டுக்குள் விழுந்து எழுந்தவனுக்கு, அந்த ஒரு சொல் போதும்.

சைக்கிள்காரனுக்கு மூன்று விரோதிகள் உண்டு: மேடு, எதிர்காற்று, லோரி. மேட்டை வெல்வதற்கு ஆறு உதவி செய்கிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவது. பல்லாயிரம் ஆண்டு அரித்து அரித்து, சுற்றிலும் உள்ள நிலத்தில் எது மிகச் சாய்வு குறைந்த வழியோ அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. அதன் கரையோடு போகிறவனுக்கும் அந்தச் சலுகை கிடைக்கிறது. கடலை நெருங்க நெருங்க ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து நிலம் பாய் விரித்தாற்போல் ஆகிவிடும். ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில் பாசாவ் நகரத்திலிருந்து வியன்னா வரைக்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போகிறது. பேரப்பிள்ளை எடுத்தவர்கள்கூட அதில் ஓட்டிப் போகிறார்களாம். மேடு இல்லையே, ஏன் முடியாது?

பொங்கோலுக்கு இரண்டு ஆறுகள். மேற்கே பொங்கோல் ஆறு, கிழக்கே சிராங்கூன் ஆறு, வடக்கே ஜொகூர் நீரிணை. மரத்தின் கிளைமேல் குச்சியை எறிந்து பழத்தை விழச் செய்வதற்கு மலாய் மொழியில் உள்ள சொல்லிலிருந்து ஊர்ப் பெயர் வந்தது என்பார்கள். நம் வயதுக்காரர்களின் பெற்றோரைக் கேட்டால் பொங்கோல் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவு பன்றிப் பண்ணைகள்! கோழிப் பண்ணை, காய்கறித் தோட்டம், மீனவர் கம்பம் எல்லாமே இருந்தன. 1984இல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்துவதென்று அரசாங்கம் முடிவு செய்தது. 1990க்குள் பண்ணைகள் போய்விட்டன. 1996இல் புதிய நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று எங்கே பார்த்தாலும் வீவக அடுக்குமாடிகள். பண்ணைக்காரர்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று அங்கே உலாவுகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை. தோட்டத் துண்டாடலில் வீட்டை விட்டு வெளியேறிய நமக்கு அந்தக் கேள்வி தானாக வருகிறது.

இரண்டு ஆறுகளின் வாயையும் அணை கட்டி மூடி, உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தி, 2011இல் நன்னீர் நீர்த்தேக்கங்களாக ஆக்கிவிட்டார்கள். மரினா நீர்த்தேக்கத்தோடு இவை இரண்டும் சேர்ந்ததில், சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை குடிநீருக்குச் சேர்கிறது. முன்பு பாதிதான். இரண்டு நீர்த்தேக்கங்களையும் இணைக்க நகரத்தின் நடுவே 4.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாயும் வெட்டினார்கள். ஆகையால் பொங்கோலில் நாம் ஓட்டும் பாதைக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் கூடவே வருகிறது. பூங்கா இணைப்புப் பாதை என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வழியைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ரயிலை விட்டு இறங்கிக் கால்வாய்ப் பூங்காவுக்கு வந்துவிட வேண்டும். அங்கிருந்து வடக்கே, வண்டிகள் ஓடுவது நிறுத்தப்பட்ட பழைய பொங்கோல் சாலைத் துண்டு வழியாகப் பொங்கோல் முனைக்குப் போகலாம். கரையில் நின்றால் எதிரே புலாவ் ஊபின் தீவு, அதற்கு அப்பால் நம் ஜொகூரின் பாசிர் கூடாங் புகைபோக்கிகள். சொந்த ஊரை அடுத்தவன் வாசலில் நின்று பார்ப்பது ஒரு மாதிரியாக இருக்கிறது.

அந்தக் கரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. படிக்காமல் போகாதீர்கள். 1942 பிப்ரவரி 28ஆம் நாள் ஜப்பானியப் படை முந்நூறு நானூறு சீனர்களைக் கொண்டுவந்து இந்தக் கடற்கரையில் சுட்டுக் கொன்றது. அதே ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேகமாகப் போன ஓர் இளைஞர் என்னைப் பார்த்து அவரும் காலை ஊன்றி நின்றார். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

முனையிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போனால் கோனி தீவின் மேற்கு வாசல். முன்னாளில் 'புலி மார்க்' தைலம் செய்த ஆவ் சகோதரர்கள் அங்கே கடற்கரை மாளிகை கட்டியிருந்தார்கள். பிறகு 1950இல் இந்திய வணிகர் ஒருவர் தீவை வாங்கி, அமெரிக்காவில் இருப்பதுபோல் ஒரு கேளிக்கைத் தீவாக ஆக்கப் பார்த்தார். எண்ணம் முழுசாகக் கைகூடவில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2015 அக்டோபரில் தீவின் ஒரு பகுதியைப் பூங்காவாகத் திறந்தார்கள். இரண்டு பக்கமும் சவுக்கு மரங்கள். விழுந்த சவுக்குகளை அறுத்து அங்கேயே உட்காரும் பலகைகள் செய்திருக்கிறார்கள். தார் கிடையாது, மண் பாதை. மழை பெய்திருந்தால் மெதுவாகப் போக வேண்டும்.

அந்தத் தீவில் ஒரு காளை மாடு இருந்தது, தெரியுமா? திமில் வைத்த, நம் நாட்டுச் சாயலுள்ள பிராமன் இனக் காளை. பூங்கா திறந்தபோது அது மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாருடையது, எப்படி வந்தது என்று விளங்கவில்லை. பூங்காக் கழகத்தார் மருத்துவம் பார்த்தார்கள். போகிறவர்கள் மாட்டைப் பார்த்தால் கூச்சல் போடாமல் விலகிப் போங்கள் என்று அறிவிப்பும் வைத்தார்கள். 2016இல் அது இறந்துவிட்டது. இத்தனை அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காளை! என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னபோது, பாதை எத்தனை கிலோமீட்டர் என்பதை மறந்துவிட்டார்கள். அந்தக் காளைக்குப் பெயர் என்ன என்றுதான் கேட்டார்கள்.

கிழக்கு வாசலால் வெளியே வந்து தெற்கே திரும்பினால் லோரோங் ஹாலுஸ். 1999 வரை அது சிங்கப்பூரின் குப்பை கொட்டும் இடம். குப்பைக்கு அடியிலிருந்து கசியும் அழுக்கு நீர் நீர்த்தேக்கத்தில் கலந்துவிடக்கூடாது அல்லவா? அதனால் நாணல் நட்ட பாத்திகள் வழியாக அந்த நீரை விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். வெள்ளைக் கொக்கு நிற்கிறது, தும்பி பறக்கிறது, குப்பைமேடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கிருந்து ஒரு சிவப்புப் பாலத்தில் சிராங்கூன் ஆற்றைக் கடந்தால் மறுபடி பொங்கோல் கால்வாய்க்கு வந்துவிடுவீர்கள். நின்று நின்று, தண்ணீர் குடித்து, கல்வெட்டுப் படித்துப் போனதில் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. கால் பழகியவர்களுக்கு பொங்கோல், செங்காங், புவாங்கோக் மூன்றையும் இணைத்து ஆற்றோரமாகச் சுற்றிவரும் 26 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. நம் கணக்கில் பதினாறு கட்டை. செங்காங்கில் முனீஸ்வரருக்கு ஒரு கோவிலும் உண்டு, வேண்டியவர்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். அதற்கும் மேலே ஆசை உள்ளவர்களுக்கு ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து கோனி தீவு வரை தீவைக் குறுக்கே கடக்கும் 36 கிலோமீட்டர் பாதை 2019இல் திறந்தார்கள்.

பாலத்தில் நிற்கும்போது மருமகன் சக்கரத்தில் காற்றைத் தொட்டுப் பார்த்தான். எனக்கு ஒரு பாடமே நினைவுக்கு வந்தது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்தார். அதே 1888இல்தான் ரிட்லி என்ற வெள்ளைக்காரர் சிங்கப்பூர்ப் பூமலைக்குத் தலைவராக வந்தார். 1877இல் லண்டனிலிருந்து வந்த இருபத்திரண்டு பால்மரக் கன்றுகளின் வாரிசுகள் அங்கே நின்றுகொண்டிருந்தன. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை ரிட்லி கண்டுபிடித்தார். சட்டைப் பையில் விதையைப் போட்டுக்கொண்டு பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் நடுங்கள் நடுங்கள் என்று கேட்டதால் அவருக்குப் பைத்தியக்காரர் என்றே பட்டம். அப்போது கார் எங்கே இருந்தது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் பிடித்த காலம் அது. ரப்பருக்கு முதலில் கிராக்கி உண்டாக்கியவற்றில் சைக்கிள் டயர் ஒன்று. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். அப்புறம் கார் வந்தது, காடு அழிந்தது, நம் பாட்டன் பாட்டி கப்பலேறினார்கள். தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள்: கிராணி, தண்டல், வாத்தியார். டயருக்குப் பால் எடுத்தவர் காண்டா தூக்கி நடந்துதான் போனார்.

சிங்கப்பூரில் ஓட்டப் போகும் பிள்ளைகளுக்குச் சட்டதிட்டங்களையும் சொல்லிவிட வேண்டும். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர், அதற்குமேல் போகக்கூடாது. வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு. கையால் பிடிக்கும் பிரேக் ஒன்றாவது இல்லாத சைக்கிளைப் பொதுப் பாதையில் ஓட்டுவது குற்றம். சாலையில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு 2022 ஜனவரி முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: வரிசை ஐந்து சைக்கிள் நீளத்தைத் தாண்டக்கூடாது. இரண்டிரண்டாகப் போகக்கூடிய சாலையில் பத்துப் பேர் என்று ஆகிறது. ரயிலில் மடக்குச் சைக்கிள் மட்டும் ஏற்றலாம், முழுச் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். தொலைபேசி வழியாக எடுக்கும் வாடகைச் சைக்கிளை, அதற்குரிய இடத்தில் நிறுத்திக் குறியீட்டைப் படம் பிடித்து முடிக்காவிட்டால் ஐந்து வெள்ளி பிடித்துக்கொள்வார்கள். மருமகன் ஒரு தடவை கொடுத்திருக்கிறான்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு பாதை இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பெரிய சடக்கில், சைக்கிளுக்கு என்று ஒரு முழ அகலம் விடச் சொல்லி மூன்று தடவை மனுக் கொடுத்தோம். பதில் வரவில்லை, நான்காவது மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூருக்குப் பணம் இருக்கிறது என்பார்கள். ஒரு முழத் தாருக்கு அவ்வளவு பணம் தேவையில்லை என்பது என் கட்சி. அதுவரையில் நிலத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பொந்தியான், பத்து பகாட் பக்கமும், கோலசிலாங்கூர், செகிஞ்சான், பாகான் டத்தோ பக்கமும் கடலோரச் சமவெளி. தோட்டங்களுக்குள்ளும் வயல் வரப்பு ஓரமாகவும் வாய்க்கால் ஓரமாகவும் போகும் சின்னச் சடக்குகள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே லோரி குறைவு. ஆனால் சமவெளியில் காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குக் காற்று, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பலர் மாற்றிச் செய்துவிட்டு வீடு வந்து சேர முடியாமல் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு வருகிறார்கள்.

பெண் பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். நம்மில் பலருடைய பூர்வீகமான புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, கூடவே சைக்கிளும் சொல்லிக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற பெண் அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். வயல் வேலைக்கும் கல் குவாரிக்கும் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினார்கள். கேலி செய்தவர்கள் கொஞ்ச நாளில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர்க் குடம் முன்னே, பிள்ளை பின்னே, பேருந்துக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. பொங்கோல் கால்வாய் ஓரத்திலும் நம் தமிழ்ப் பெண்கள் பஞ்சாபி உடையில் பிள்ளையைப் பின்னே வைத்து ஓட்டுவதைப் பார்த்தேன். ஒரு பாட்டி மூன்று சக்கரத்தில்!

கோனி தீவுக்குப் போகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள், உள்ளே விளக்கு கிடையாது. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கடற்கரையில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ கடிக்கும், முழுக்கால் சட்டை நல்லது. குரங்குக்கு ரொட்டி போடாதீர்கள், அபராதம் உண்டு.